பகலில் எதற்குப் பிளாஷ்

ஐம்பதைத் தாண்டிய நம்மில் யார் கையிலாவது சின்ன வயதில் கேமரா இருந்ததா? இருந்திருந்தால் அவர்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. ஒரு உளுந்தவடையை நாற்பது படம் எடுத்துவிட்டு முப்பத்தொன்பதை அழித்துவிடுகிற கூட்டம் அது. நமக்கு ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். ஒன்று வீணானாலும் ஒரு வாரம் பேச்சு வாங்க வேண்டும். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று தெரிய இரண்டு மாதம்கூட ஆகும். அதற்குள் படத்தில் இருப்பவர் வெளிநாடு போயிருப்பார், இல்லையென்றால் நம்மோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருப்பார்.

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு பெருமை இருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக ஒரு மருமகளோ மருமகனோ வந்தால் முதல் பந்தி முடிவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். இவன் எடுத்த போட்டோவால்தான் இவனுடைய தங்கச்சி உயிர் பிழைத்தாள் என்று. நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நடந்தது வேறு. என்ன நடந்தது, அதில் நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா அவனியாபுரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, நடுவில் ஒரு முற்றம். லேத்து ஓடினால் அடுப்படித் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடும். எனக்குப் பதினொரு வயது. தங்கச்சிக்கு இரண்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு வயதிலேயே குத்தியிருக்க வேண்டிய காது. குவைத்தில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வந்து மடியில் வைத்தால்தான் ஆகும் என்று அம்மா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

அந்த வருடம் வைகாசியில் மாமா வந்தார். வரும்போது ஒரு கேமரா கொண்டுவந்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு நிறம். அதன் ரெக்சின் உறைக்கு ஒரு வாசம் உண்டு. புதுச் செருப்பும் செண்டும் கலந்த வாசம். லென்சுக்கு மேலே மூன்று சின்னப் படங்கள் வரைந்திருக்கும். ஒரு தலை, இரண்டு ஆள், ஒரு மலை. கிட்டத்தில் இருப்பவரை எடுக்க முள்ளைத் தலைக்குத் திருப்ப வேண்டும், தூரத்தில் இருந்தால் மலைக்கு. பக்கவாட்டில் ஒரு பொத்தானைத் தள்ளினால் பிளாஷ் டக்கென்று மேலே எழும்பும். கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பிறகு ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் நாலைந்து முறை பிளாஷை ஏற்றி இறக்கினேன். செல் தீர்ந்துவிடும் என்று மாமா மண்டையில் தட்டினார்.

காதுகுத்து கீழக்குயில்குடி அய்யனார் கோயிலில். மலையடிவாரத்தில் ஆலமரத்துக்குக் கீழே ஜமுக்காளம் விரித்தார்கள். மாமா மடியில் பிள்ளையை வைத்திருப்பதால் அவரால் படம் எடுக்க முடியாது. அப்பாவின் கை லேத்துக் கைப்பிடியைத் தவிர வேறு எதைப் பிடித்தாலும் கோணும். ஆகவே கேமரா என்னிடம் வந்தது. கோயிலுக்கு எதிரே நின்று படம் எடுக்கக் கூடாது, சாமிக்கு ஆகாது என்று பூசாரி முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் மாமா உட்கார்ந்த தோதுக்கு அவரையும் பிள்ளையையும் நேராக எடுக்க வேண்டுமானால், கோயில் வாசலை ஒட்டி ஒரு இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. மரத்து நிழல் இருட்டாக இருந்தது. பிளாஷை ஏற்றினேன்.

தங்கச்சிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தது. ஆசாரி கம்பியை எடுத்ததும் அவள் உதடு பிதுங்கியது. நான் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டேன். நேராக என்னைப் பார்த்தாள். பளிச்சென்று வெட்டியது. அதற்கு அடுத்த நொடி காது குத்தி, கோயிலே இரண்டு படும்படி அழுதாள். அழுவதற்கு முன்னால் எடுத்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். பூசாரி என்னை முறைத்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

மாமா இருபது நாளில் திரும்பிப் போனார். ரோலில் பதினோரு படம் மிச்சமிருந்தது. முடித்துக் கழுவி ஒரு பிரதி அனுப்பு, கேமரா அடுத்த தடவை வரும்வரை உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவர் காலில் விழத் தயாராக இருந்தேன்.

அதன் பிறகு எனக்குப் பிடித்தது குழப்பம். பிளாஷ் எப்போது போட வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். வீட்டுக்குள் என்றால் போடு, வெளியே என்றால் வேண்டாம் என்று போகும்போதே சொல்லியிருந்தார் மாமா. தெற்குவாசலில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் பிளாஷ், பகலில் போடுவது செல்லுக்குப் பிடித்த கேடு என்றார். அப்பா, பிளாஷே வேண்டாம், ஆளை வெளிச்சத்தில் நிறுத்து போதும் என்றார். கேமராவோடு வந்த மடிப்புத் தாளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொளுத்துகிற வெயிலில் தொப்பி போட்டு நிற்கிறாள், அவளுக்குப் பிளாஷ் போடுகிறான் ஒருவன். வெயிலில் எதற்குப் பிளாஷ்? தாளில் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தொப்பி நிழலில் முகம் கறுத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது என்று தெரிய எனக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று.

படம் கலங்காமல் எடுப்பதை மட்டும் நானாகவே கற்றுக்கொண்டேன். லேத்து ஓடும்போது முற்றத்துச் சுவரில் சாய்ந்தால் உடம்பு முழுக்க அதிர்வு ஏறும். ஆகவே பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்து லேத்து நின்ற பிறகுதான் எடுப்பேன். இரண்டு முழங்கையையும் விலாவில் இறுக்குவேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவேன். பொத்தானை அமுக்கக் கூடாது, விரலை அதன்மேல் கனக்கவிட வேண்டும். ரோல் வீணாகக் கூடாது என்று பிலிமைச் சுற்றாமல், மூடி போட்ட கேமராவை வைத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தை ஒரு மாதம் எடுத்துப் பழகினேன். குடத்தை எடுத்த அளவுக்கு யாரும் எந்த நடிகையையும் எடுத்திருக்க மாட்டார்கள்.

மிச்சமிருந்த படங்களில் மூன்று தங்கச்சிக்குப் போயின. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் பிளாஷ் போட்டு அவள் சோறு தின்னும்போது ஒன்று. முற்றத்தில் பகலில் பிளாஷ் இல்லாமல் இரண்டு.

ஆனி கடைசியில் ஸ்டூடியோவுக்குப் படங்களை வாங்கப் போனேன். கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் போட்டார் ஸ்டூடியோக்காரர். பிளாஷ் போட்டு எடுத்த எல்லாப் படத்திலும் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. மாமா முனி பிடித்தவர் மாதிரி இருந்தார். எனக்கு அழுகை முட்டியது.

“செவப்பா வர்றது எல்லாருக்கும் உள்ளதுதான் தம்பி. மை வச்சுத் தாரேன், தெரியாது.”

அவர் எப்போதும் செய்கிற வேலை அது. மெல்லிய தூரிகையைக் கறுப்பு மையில் தொட்டு ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு புள்ளி வைப்பார். காசுகூடக் கேட்க மாட்டார். மாமாவுக்கு இரண்டு, அப்பாவுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டே வந்தவர் தங்கச்சி படத்தில் கொஞ்சம் நின்றார். அவளுக்கு வலது கண் சிவப்பு. இடது கண் வெள்ளை. வெறும் வெள்ளை இல்லை, உள்ளே ஏதோ எரிகிற மாதிரி மஞ்சளோடின வெள்ளை. சோறு தின்கிற படத்திலும் அதே இடது கண் அதே வெள்ளை. முற்றத்தில் எடுத்த இரண்டிலும் ஒன்றும் இல்லை, இரண்டு கண்ணும் கறுகறுவென்று இருந்தன.

ஏன் ஒரு கண் மட்டும் வெள்ளை என்று கேட்டேன். வெளிச்சம் விழுந்த பக்கம் அப்படி வரும் என்றார். இரண்டு படத்திலும் வெளிச்சம் என் கையிலிருந்துதானே விழுந்தது என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் இரண்டு வெள்ளைக்கும் மேலே பெரிய புள்ளியாக மை வைத்து ஊதிக் காயவைத்தார். மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பிள்ளைக்கு லட்சணமாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்தார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் படம் பார்த்து முடித்தார்கள். கோயில் படம் எப்படியோ தங்கச்சி கையில் சிக்கிவிட்டது. அந்த வயதுப் பிள்ளை கையில் எது கிடைத்தாலும் அடுத்து வாய்க்குத்தானே போகும். அம்மா பிடுங்கித் துடைத்தபோது மை இழுபட்டுக் கன்னத்தில் வழிந்தது. அடியில் வெள்ளைக் கண் திறந்து பார்த்தது.

 அம்மா படத்தையும் பிள்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முற்றத்து வெளிச்சத்தில் தூக்கிவைத்து இமையை விரித்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளை சிரித்துக்கொண்டு அம்மாவின் தோட்டைப் பிடித்து இழுத்தது. கண்ணில் இல்லாதது படத்தில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

“அய்யனாருக்கு எதுத்தாப்ல நின்னு மின்ன வச்சேல்ல. பாத்தியா, பிள்ள கண்ணுல காட்டிட்டாரு.”

சோறு தின்கிற படத்திலும் அப்படித்தான் இருக்கிறது, அதைக் கோயிலில் எடுக்கவில்லையே என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் எதையும் இயந்திரமாகப் பார்க்கிற ஆள். இரண்டு படத்திலும் ஒரே மாதிரி வந்தால் கோளாறு கேமராவில்தான் என்றார். பிளாஷ் போட்டால் வருகிறதா, அப்போது பிளாஷ் போடாதே என்றார். தீர்ந்தது. அப்படியென்றால் அவர் கண்ணும் மாமா கண்ணும் ஏன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவந்தன என்ற கேள்வி எனக்குள் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பெரியவர்கள் மூன்று பேர் மூன்று காரணம் சொல்லிவிட்டார்கள். நாலாவதாக நான் என்ன சொல்வது?

ஆடி மாதம் அம்மா மாரியம்மனுக்குக் கண்மலர் நேர்ந்துகொண்டாள். வெள்ளித் தகட்டில் இரண்டு கண் செய்து அம்மனுக்குச் சாத்துவது. கண்ணில் எந்தக் குறை என்றாலும் எங்கள் பக்கம் அதைத்தான் செய்வார்கள். அந்த ஆடி வெள்ளிக்கு மொட்டை வளர்ந்து முள்முள்ளாக நின்ற தலையோடு தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மா கண்மலரைப் பிள்ளையின் கண்ணில் ஒற்றித் தட்டில் வைத்தாள். எனக்காகவும் வேண்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். தெரியாமல் செய்த பிள்ளை, அவனை ஒன்றும் செய்துவிடாதே என்று கேட்டாளாம்.

நான்கு நாள் கழித்து அம்மா ஒரு புது ரோல் வாங்கித் தந்தாள். சிறுவாட்டுக் காசில் வாங்கியது. மறுபடி ஒரு படம் எடு என்றாள். அன்றைக்குக் கோயிலில் எடுத்த மாதிரியே, அதே மாதிரி நேராகப் பார்க்க வைத்து எடு, அம்மன் குறையைத் தீர்த்துவிட்டாளா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அம்மா கேட்டது சோதனை. அதே மாதிரி எடு என்று தெளிவாகத்தான் சொன்னாள். அதே மாதிரி என்றால் பிளாஷோடு. பிளாஷ் போட்டால் வெள்ளை வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் சாமி இன்னும் கோபமாக இருக்கிறது என்று ஆகும், நான் செய்த பாவம் தீரவில்லை என்று ஆகும், அம்மா அழுவாள். பிளாஷ் போடாவிட்டால் கறுப்பாக வரும். எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. பதினொரு வயதுப் புத்திக்கு அதற்குமேல் எட்டவில்லை. இல்லை, கொஞ்சம் எட்டியது, அதுதான் இன்றைக்கும் குடைகிறது.

சாப்பாட்டு மணி அடித்து லேத்து நின்றது. தங்கச்சியை முற்றத்தில் முக்காலியில் உட்கார வைத்தாள் அம்மா. நான் அவளைக் கொஞ்சம் தள்ளி, வெயில் நேரே படாமல் வெளிச்சம் மட்டும் விழுகிற இடத்தில் வைத்தேன். முள்ளைத் தலைக்குத் திருப்பினேன். நிலைக்கதவில் தோளைச் சாய்த்து, முழங்கையை இறுக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி எடுத்தேன். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா, மின்னலக் காணோம்?”

“பகல்ல பிளாஷ் வேணாம்மா. ஸ்டூடியோக்காரரே சொன்னாரு.”

சொன்னது உண்மை. ஸ்டூடியோக்காரர் சொன்னதும் உண்மை. அம்மா நம்பினாள். படம் எடுக்கிற விஷயத்தில் வீட்டில் எனக்கு மேல் தெரிந்தவர் யாரும் இல்லை.

அந்தப் படம் மாதிரி ஒன்றை நான் அதற்குப் பிறகு எடுத்ததில்லை. கண்ணிமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். காதில் புதுக் கம்மல், கீழ் உதட்டில் ஒரு சோற்றுப் பருக்கை. இரண்டு கண்ணும் நாவற்பழமாக மின்னும். ஸ்டூடியோக்காரர் மை வைக்கவே தேவையில்லாமல் போயிற்று, எடுத்தது யார் என்று கேட்டு என் கையைக் குலுக்கினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். அக்கம்பக்கம் முழுக்கக் காட்டினாள். அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னாள். சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். எனக்கு அன்றைக்குப் பால்பாயசம் கிடைத்தது. பாதியைத் தங்கச்சிக்கு ஊட்டிவிட்டேன். ஏன் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பிறகு நான் தங்கச்சியைக் கூடுமானவரை பிளாஷ் போட்டு எடுக்கவில்லை. யாராவது வீட்டுக்குள் வைத்து எடுக்கச் சொன்னால் ஜன்னல் பக்கம் கூட்டிப்போவேன். வேறு வழியில்லாமல் பிளாஷ் போட நேர்ந்தால் அவளைப் பக்கவாட்டில் பார்க்க வைப்பேன், பொம்மையைக் காட்டிக் கீழே குனிய வைப்பேன், எல்லா விளக்கையும் போட்டு வைப்பேன். கண்ணில் வெள்ளை வராமல் எடுப்பது எப்படி என்று அவ்வளவும் தெரிந்துகொண்டேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. எனக்குள் அது ஒரு வித்தையாகவே இருந்தது. சாமிக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்று தங்கச்சியைக் காப்பாற்றுவதாகக்கூட நினைத்துக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

கார்த்திகை வாக்கில் அவளுக்கு இடது கண் லேசாக மூக்குப் பக்கம் ஒதுங்கியது. மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்றார்கள். அப்பாவுக்குச் சம்பளம் கூடியது அதனால்தான் என்றுகூட ஒரு பேச்சு. அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடிக்கடி சட்டம் போட்ட படத்தைப் பார்ப்பாள். பார்த்ததும் தெளிந்துவிடுவாள். அவளுக்கு அந்தப் படம் சாட்சி. பொய்ச் சாட்சி என்று எனக்கு மட்டும் தெரியும். எத்தனையோ தரம் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகம் தெளிவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

தை மாதம், ஜல்லிக்கட்டில் மாடு பிடித்து முடிந்த அடுத்த வாரம், நான் படித்த பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அம்மாவுக்குத் தலைவலி, கண்ணாடி போட வேண்டுமா என்று பார்க்கப் போனோம். இடுப்பில் தங்கச்சி. எழுத்துப் பலகையைக் காட்டி அம்மாவைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்த டாக்டரம்மா பலகையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண்ணை மூடினார், பிள்ளை வீறிட்டது. இடது கண்ணை மூடினார், பேசாமல் இருந்தது. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். 

எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார் டாக்டரம்மா. ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருந்தது, போட்டோகூட இருக்கிறது என்றாள் அம்மா. என்னை ஓடிப்போய் அந்தச் சட்டம் போட்ட படத்தை எடுத்துவரச் சொன்னாள். கொண்டுவந்து கொடுத்தேன். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்குமா. ஆனா இதுல தெரியாது. பிளாஷ் போட்டு எடுத்தது எதுவும் இருக்கா?”

அம்மா என்னைப் பார்த்தாள்.  அப்போதுதான், அந்த நிமிடத்தில்தான், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. கோளாறு கேமராவில் இல்லை, சாமிக்குக் கோபம் இல்லை, வெளிச்சம் விழுந்த பக்கமும் இல்லை. பிளாஷ் உள்ளே இருப்பதைக் காட்டியது. நான் ஐந்து மாதம் கஷ்டப்பட்டு அதைக் காட்டாமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

மறுபடி ஓடினேன். மை வைத்த படம் எதற்கு ஆகும்? நெகடிவ் இருந்த கவரை எடுத்துவந்தேன். டாக்டரம்மா சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெகடிவில் வெள்ளை கறுப்பாக வரும் அல்லவா. மாமா மடியில் ஒரு சின்ன முகம், அதில் இடது கண்ணில் ஊசிமுனையளவு கறுப்பு. சோறு தின்கிற படத்திலும் அதே கறுப்பு. முதல் படம் எப்போது எடுத்தது என்று கேட்டார். வைகாசி என்றேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததை நான் பார்த்தேன். எட்டு மாதம். பிறகு என் தலையில் கைவைத்து, நல்லவேளை எடுத்து வைத்திருந்தாய், நெகடிவைப் பத்திரமாக வைத்திருந்தாயே, கெட்டிக்காரப் பையன் என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பெருமை அது.

அன்றே கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் கட்டி. கண்ணை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும், எடுத்தால் பிழைக்கலாம் என்றார்கள். அப்பா வராந்தாவில் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். லேத்து மையும் எண்ணெயும் போகாத கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

“அந்தப் படம் எடுத்தப்பவே வந்திருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமாங்கய்யா?”

“தப்பிச்சிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம். இப்ப உசுரப் பாப்போம்.”

இதில் முதல் இரண்டு வாக்கியத்தையும் நான் நாற்பது வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். ஒருநாள் முதல் வாக்கியம் கனக்கும். ஒருநாள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவேன். எந்த டாக்டரிடமும் இதைத் திரும்பக் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம்.

தங்கச்சி பிழைத்தாள். கண்ணாடிக் கண் வைத்தார்கள். வளர வளர மாற்றினார்கள். படித்தாள், வேலைக்குப் போனாள், ஆனையூரில் வாழ்க்கைப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் பட்ட கேலி எல்லாம் எனக்குத் தெரியும், இரண்டு பேரை நானே அடித்திருக்கிறேன். கல்யாணம் தள்ளிப் போன ஒவ்வொரு முறையும் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவேன். அண்ணனுக்குத் தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்று அதற்கும் ஒரு பெருமை சேர்ந்துகொண்டது. அம்மா இன்றைக்கும் மாரியம்மனும் மகன் எடுத்த போட்டோவும் சேர்ந்து காப்பாற்றியதாகத்தான் சொல்கிறாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தங்கச்சிக்குப் பையன் பிறந்தான். அவளுக்கு வந்த மாதிரி பிள்ளைகளுக்கும் வரலாம், அடிக்கடி காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் மாதம் நான் பார்க்கப் போனபோது அம்மாவும் அங்கே இருந்தாள், அடுப்படியில். தங்கச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளறைக்கு என்னைக் கூப்பிட்டாள். அலமாரியிலிருந்து அவள் வீட்டுக்காரரின் டிஜிட்டல் கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“டாக்டர் பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. நீ ஒன்னு எடுண்ணே. எனக்குக் கண்டுபிடிச்சது நீதான.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கேமராவைக் கட்டிலில் வைத்துவிட்டேன். சொன்னேன். பிளாஷ் போட்டால் வெள்ளை வரும் என்று எனக்கு முதலிலேயே தெரியும் என்பதை, அம்மா அதே மாதிரி எடு என்று கேட்டதை, பகலில் பிளாஷ் வேண்டாம் என்று சொல்லி நான் ஏமாற்றியதை, வராமல் எடுக்கப் பழகியதை, எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் கொட்டினேன். அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் தட்டுவது நின்றது. பார்வை உள்ள அந்த ஒரு கண்ணால் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபமா, வருத்தமா, இரக்கமா, அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லாத. தாங்காது.”

பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையை என் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப தெரியிற மாதிரி எடு.”

எடுத்தேன்.  அவள் கேமராவை வாங்கித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

“ரெண்டும் செவப்புண்ணே,” என்றாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். “இன்னொன்னு எடு.”

பதினான்கு எடுத்த பிறகுதான் என்னைப் போதும் என்று விட்டாள்.